திருத்தத்துக்குப் போட்டிருக்குது

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளறையில் பீரோ திறக்கும் சத்தம் சாலம்மாளுக்குக் கேட்டது. பழைய பீரோ. திறக்கும்போது ஒரு முறை அழும், மூடும்போது ஒரு முறை அழும். இப்போது ஒரு அழுகைதான் கேட்டது. இரண்டாவது வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கூடத்தில் கிடத்தி ஒரு டம்ளர் டீ ஆறுகிற நேரம்கூட ஆகியிருக்காது. சாயங்கால வெயில் இன்னும் வாசலில் இருந்தது. வெளியே தம்பி ரஞ்சித்குமாரின் சேக்காளிகள் சாமியானாவுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா ராணியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, அழுது ஓய்ந்து, அப்பாவின் மீசையில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் பீரோவில் யாருக்கு என்ன வேலை?

முடிச்சை இறுக்கினாள். கொஞ்சம் அதிகமாகவே இறுக்கிவிட்டாள் போலிருந்தது. சமாதானம் சொல்வதுபோல் விரல்களைத் தடவிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

ரஞ்சித் பீரோவுக்கு முன்னால் நின்று, எதையோ இடுப்பில் செருகி அதன்மேல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

“என்னடா தேடற?”

“வேட்டிக்கா. அப்பாவுக்குப் போத்த.”

“வேட்டி கொடியில தொங்குது.”

“புது வேட்டி வேணும்.”

சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே போனான். புது வேட்டி, பழைய வேட்டி எதுவும் கையில் இல்லை. பீரோவை அவள்தான் மூடினாள். அது அழுதது.

சந்தேகம் சாலம்மாளுக்குத் தொழில் கொடுத்த குணம். பாப்பிரெட்டிப்பட்டி தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். ரேஷன் கார்டிலிருந்து மாமியாரைத் தூக்க வருகிறவர்கள், செத்துப்போன கொழுந்தனாரை உயிரோடு வைத்துப் பட்டா மாற்ற வருகிறவர்கள், ஒரே பிள்ளைக்கு இரண்டு பிறந்த நாள் வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் அவளுடைய மிஷின் வெளிச்சத்தைத் தாண்டித்தான் எதிர்ப்பக்கம் போக வேண்டும். கண்ணாடிமேல் காகிதத்தைக் கவிழ்ப்பதற்கு முன்னால் ஒரு முறை படித்துவிடுவாள். “நகலுக்குத்தான் காசு வாங்கறேன். படிக்கறதுக்கு வாங்கியிருந்தா மாடி வூடு கட்டியிருப்பேன்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

ஊர்க் காகிதங்களை எல்லாம் சரி பார்த்து அனுப்புகிறவளுக்குச் சொந்தத்தில் ஒரு காகிதக் குறை இருந்தது. இந்திய ராணுவத்தின் கணக்கில் அவள் தன் அப்பாவுக்குத் தங்கச்சி.

கதை பெரிதில்லை. மாதப்பனுக்குப் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்குப் போகும் ஆசை வந்தது. அதற்கு முன்பே மாமன் மகள் ராணியம்மாளைக் கட்டி, ஒரு பெண் குழந்தையும் தவழ ஆரம்பித்திருந்தது. கல்யாணம் ஆனவனைச் சேர்க்க மாட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். கல்யாணத்தை மறைப்பது சுலபம். அன்றைக்கு எந்தக் கல்யாணத்துக்கு ரசீது இருந்தது? ராணியம்மாளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியாயிற்று. குழந்தைக்குக் காய்ச்சல் என்று அதைப் பிறகு அனுப்புவதாக இருந்தார்கள். அந்த ஒரு நாள் தாமதத்துக்குள் விசாரிக்கிற போலீஸ்காரர் வந்துவிட்டார். குழந்தை அவர் முன்னால் தவழ்ந்து போய், பூட்ஸைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றதாம். இது யாரு என்று அவர் கேட்க, மாதப்பன் எச்சில் விழுங்கும் நேரத்துக்குள், “என் தங்கச்சிங்க” என்றார். அவர் எழுதிக்கொண்டார். 

சில வருஷம் கழித்து, முறைப்படி அனுமதி வாங்கிக்கொண்டு, மாதப்பன் தன் பெண்டாட்டியையே தீர்த்தமலைக் கோயிலில் இரண்டாம் முறையாகக் கட்டினார். ஆபீசுக்குக் காட்டப் போட்டோ வேண்டும். அந்தப் போட்டோ இன்னும் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாலையும் கழுத்துமாக இரண்டு பேர், நடுவில் பாவாடை கட்டிய ஐந்து வயசுச் சாலம்மாள். போட்டோக்காரர், பாப்பா பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டாராம். மாப்பிள்ளை வீடு என்று அப்பா சொன்னாராம். பெற்றவர்கள் கல்யாணத்துக்குப் புதுத்துணி போட்டுக்கொண்டு போய் இலை போட்டுச் சாப்பிட்ட பிள்ளை இந்த ஜில்லாவில் தான் ஒருத்திதான் என்று சாலம்மாள் சொல்வாள். கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

சிரிக்காமல் வைத்திருந்தது ஒன்றுதான். செகந்திராபாத்தில் அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்த வருஷம், கோடை லீவுக்கு அவளையும் கூட்டிப் போனார்கள். ரயிலிலேயே சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அங்கே அம்மா அண்ணி, அப்பா அண்ணன். அக்கம் பக்கத்துப் பெண்களிடம் அம்மா அவளை நாத்தனார் என்று அறிமுகம் செய்தாள். அவளுக்கும் அது ஒரு விளையாட்டாக இருந்தது. ஒரு சாயங்காலம், இரண்டு மூன்று சிப்பாய்களோடு அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்தவள், விளையாட்டை மறந்துவிட்டு, “அப்பா” என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

அப்பா நின்றார். பிறகு, வேறு யாருடைய பிள்ளையோ வேறு யாரையோ கூப்பிடுகிறது என்பதுபோல், தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் யாரும் இல்லை. 

அதற்கப்புறம் எத்தனையோ நடந்தது. அப்பா பட்டாளத்திலிருந்து வந்து அரூரில் பாங்க் செக்யூரிட்டியாக இருந்தார். அவளுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். டெம்போ ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் தொப்பூர் மலைப்பாதையில் வண்டியோடு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தபோது, அவளைக் கூட்டி வந்து கடை வைத்துக் கொடுத்ததும் அவர்தான். ஊரில் எவரைக் கேட்டாலும் சாலம்மாள் மாதப்பன் மகள். பட்டாளத்தில் அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தில் மட்டும் வேறு. ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, “என்னை எப்பப்பா உங்களுக்குப் பொண்ணாக்கப் போறீங்க?” என்று கேட்டுவிட்டாள். கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் அப்படி இல்லை.

“திருத்திடலாம்” என்றார் அப்பா.

அன்றிலிருந்து மாசத்தில் ஒரு நாள் அவர் தர்மபுரிக்கு, படைவீரர் ஆபீசுக்குப் போவார். இஸ்திரி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு, கக்கத்தில் பை. என்ன ஆச்சு என்று கேட்டால் ஒரே பதில். “திருத்தத்துக்குப் போட்டிருக்குது.”

எந்தத் திருத்தம் எத்தனை நாளில் ஆகும் என்று தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பவளுக்கா தெரியாது? வருஷங்கள் போயின. அப்பா அவள் கடையில் ஒரு நகல்கூட எடுத்ததில்லை. மகள் ஜெராக்ஸ் கடை வைத்திருக்க, தர்மபுரியில் காசு கொடுத்து நகல் எடுக்கிற மனுஷன் எதை மறைக்கிறார்? அப்புறம் அந்த மீன். ஆபீஸ் நாள் சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்து ஒரு பொட்டலத்தை மிஷின்மேல் வைப்பார். ஆற்று மீன் வறுவல். பஸ் ஸ்டாண்டில் வாங்கினேன் என்பார். தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஆற்று மீனை யார் வறுக்கிறார்கள்? ஒரு நாள் பென்னாகரத்துக்காரர் ஒருவர் நகல் எடுக்க வந்த இடத்தில், உங்கப்பாவை ஒகேனக்கல்லில் பரிசல் துறையில் பார்த்தேன், தனியாக உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றார். தனியாகவா என்று இரண்டு முறை கேட்டாள். அந்த வயசில் ஒரு பொம்பளை சகவாசமா என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காகத் தலையில் குட்டிக்கொண்டாள். குட்டிக்கொண்ட பிறகும் நினைத்தாள்.

மீனை மட்டும் ஒரு மாசமும் வேண்டாம் என்றதில்லை. சந்தேகத்தோடு சாப்பிட்டாலும் அது ருசியாகத்தான் இருந்தது.

*

காலையில் சாமியானாவின் கீழே ஐஸ் பெட்டிக்குள் அப்பா, சீட்டில் இடம் கிடைத்த பயணியைப்போல் நிம்மதியாகப் படுத்திருந்தார். மேளக்காரர்கள் வேப்ப மரத்தடியில் தப்பட்டையை நெருப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து அம்மா வகை உறவுக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கி, இறங்கிய வேகத்தில் அழுது, அழுத வேகத்தில் டீ குடித்தார்கள்.

சாலம்மாள் பெட்டியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் அப்பாமேல், ஒரு கண் தம்பி இடுப்புமேல். ராத்திரி முழுக்க அந்தச் சட்டையை அவன் கழற்றவில்லை. குனியும்போதெல்லாம் வயிற்றுப் பக்கம் சதுரமாக எதுவோ புடைத்தது. அது என்னவென்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகம். சிவப்பு அட்டை, ஓரம் தேய்ந்தது. அதை அப்பா யாரையும் தொட விட்டதில்லை.

எதற்காக அதை ஒளிக்கிறான்? இதற்கு அவளுக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. விடிகிற வரைக்கும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அது உறுதிப்பட்டுவிட்டது. திருத்தம் ஆகிவிட்டது. அப்பா எப்படியோ சாதித்துவிட்டார். புத்தகத்தில் இப்போது மகள் என்று இருக்கிறது. புருஷன் இல்லாத மகளுக்கு, அம்மாவுக்குப் பிறகு பென்ஷனில் பாத்தியதை உண்டு. அது தெரிந்துதான் இவன் புத்தகத்தைத் தூக்கிவிட்டான். இல்லையென்றால் அவன் பெண்டாட்டி சுசித்ரா காலையிலிருந்து எதற்கு இத்தனை முறை “அண்ணி, டீ குடிங்க” என்கிறாள்?

பென்ஷனா பேரா, தனக்கு எது வேண்டும் என்று சாலம்மாள் தன்னையும் விடாமல் விசாரித்தாள். யாரையும் நம்பாதவள் தன்னை மட்டும் எப்படி நம்புவாள்? ஆனால் ‘மகள்’ என்ற எழுத்து அந்தப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்த மாத்திரத்தில் வயிற்றுக்குள் ஏதோ சூடாக இறங்கியது. சாவு வீட்டில் அப்படி இறங்கக் கூடாது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

வெயில் ஏறியபோது முன்னாள் படைவீரர் சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். மலர் வளையம், மடித்த கொடி, நெஞ்சில் மெடல்கள். முன்னால் வந்தவர் செயலாளர் சந்திரமோகன், ரிட்டயர்டு சுபேதார். எழுபது வயதிலும் இடுப்பில் ஒரு சுற்றுச் சதைகூடச் சேரவில்லை. இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வளையம் வைப்பதற்கு முன்னால், இறந்தவரின் புத்தகத்தை வாங்கி, அவர் நம்பரிலிருந்து நடத்தை வரைக்கும் ஊர் கேட்கச் சத்தமாகப் படிப்பார்கள். உயிரோடு இருந்தபோது ‘ஏய் மாதப்பா’ என்று கூப்பிட்டவர்களும் அப்போது எழுந்து நிற்பார்கள்.

புத்தகம் கேட்டார் சந்திரமோகன். ரஞ்சித் சட்டைக்குள் கைவிட்டு எடுத்தான். கொடுப்பதற்கு முன்னால் ஒரு பக்கத்தைப் பிரித்து விரல் வைத்து, அவர் காதில் என்னவோ சொன்னான். அவர் தலையாட்டினார்.

சாலம்மாள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

அவர் படித்தார். பரேடு மைதானத்துக் குரல். படை எண், பெயர், ஊர், சேர்ந்த வருஷம். பதினேழு வருஷ சேவை. நாயக் பதவியில் ஓய்வு. நடத்தை, மிக நன்று. மேளக்காரர்கள்கூடத் தப்பட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அங்கே அவர் புத்தகத்தை மூடினார்.

“அவருடைய குடும்பத்தாருக்குச் சங்கத்தின் சார்பில்...”

“குடும்பம்னு ஒரு பக்கம் இருக்குமேங்க” என்றாள் சாலம்மாள். “அதைப் படிக்கலீங்களா?”

வாசல் முழுக்க அவள் பக்கம் திரும்பியது.

“அக்கா, விடுக்கா” என்றான் ரஞ்சித்.

“நீ ஏன்டா விடச் சொல்ற?”

“அக்கா. சொன்னாக் கேளு.”

“எங்கப்பா புஸ்தகம். முழுசாப் படிங்க சார். நிறுத்தாமப் படிங்க.”

சந்திரமோகன் ரஞ்சித்தைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான். அவர் மறுபடி புத்தகத்தைப் பிரித்தார். உத்தரவு என்றால் நிறைவேற்றிப் பழகிய மனுஷன். குரல் மட்டும் மைதானத்திலிருந்து அறைக்குள் வந்துவிட்டது.

“மனைவி, ராணியம்மாள். மகன், ரஞ்சித்குமார்.” கொஞ்சம் நிறுத்தினார். “தங்கை, சாலம்மாள்.”

பிளாஸ்டிக் நாற்காலிகளின் பக்கமிருந்து யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். அப்படியானால் ரஞ்சித்துக்கு இது அத்தையா என்று ஒரு குரல் தாழ்ந்து கேட்டது. அதை ஒருவர் அதட்டினார். பேச்சு அதோடு நின்றது. வளையம் வைத்தார்கள். கொடியைப் பெட்டிமேல் விரித்தார்கள். சல்யூட் அடித்தார்கள். சாலம்மாளுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை. திறந்த கதவு வழியாக, கூடத்தில் மாட்டியிருந்த தீர்த்தமலைப் போட்டோ மட்டும் தெளிவாகத் தெரிந்தது. நடுவில் நிற்கிற பெண், மாப்பிள்ளை வீட்டுப் பெண், நன்றாகச் சாப்பிட்ட முகத்தோடு இருந்தாள்.

*

வீட்டுக்குப் பின்னால் மரவள்ளிக் காட்டு ஓரத்தில் மோட்டார் ரூம். அதன் நிழலில் போய் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அதுவும் அப்பாமேல் வருவதற்குப் பதிலாக மீன்மேல் வந்தது. அத்தனை வருஷம், அத்தனை பொட்டலம். ஒரு நாளாவது மூஞ்சியில் விட்டெறிந்திருக்க வேண்டும். முள்ளைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறாள்.

யாரோ வரும் சத்தம். சந்திரமோகன். கையில் டீ டம்ளர். குடிக்காமல் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

“உங்க தம்பி படிக்க வேணாம்னுதான் சொன்னாருங்கம்மா. அக்கா மனசு தாங்காதுன்னாரு. ராத்திரியெல்லாம் அந்தப் பக்கத்தை என்ன பண்றதுன்னே யோசிச்சாராம்.”

சதுரமாகப் புடைத்த சட்டை அவளுக்கு நினைவுக்கு வந்தது. அதையே ராத்திரி முழுக்க எத்தனை விதமாகப் பார்த்தாள் என்பதும்.

“எங்கப்பா ஒரு நாளும் ஆபீசுக்கு வரல. அதானுங்க சார்?” என்றாள். “நேரா ஒகேனக்கல் போயிட்டு மீனு வாங்கியாந்து என்னை ஏமாத்தியிருக்காரு.”

“யாரு சொன்னா? எல்லா மாசமும் வந்தாரு. நானே பாத்திருக்கேன். நானும் சங்கத்து வேலையா அங்கதான் கெடப்பேன்.” அவர் டம்ளரை மோட்டார் ரூம் திண்டில் வைத்தார். “காலையில மொத ஆளா வந்து பெஞ்சுல உக்காருவாரு. வரிசை நகரும். இவரு முறை வரும். வந்ததும், பின்னால திரும்பிப் பாப்பாரு. அங்க உக்காந்திருக்கறவருகிட்ட, நீங்க போங்க, எனக்கு அவசரமில்லன்னு சொல்லிட்டு, எழுந்து கடைசிக்குப் போயிடுவாரு. மறுபடி முறை வரும். மறுபடி பின்னால பாப்பாரு.”

சாலம்மாள் நிமிர்ந்தாள்.

“பின்னாலயா?”

“ஆமாங்க. மத்தியானம் சாப்பாட்டுக்கு ஆபீஸ் மூடற வரைக்கும் அதே வேலை. ஒருக்கா நானே கையைப் புடிச்சிட்டேன். என்னய்யா இது, உள்ள தின்னுடவா போறாங்க, நான் எழுதித் தரேன், கையெழுத்துப் போடுன்னேன். பென்ஷன் போயிடும்னு பயமான்னும் கேட்டேன். அது கெடக்குதுங்க சார்ன்னாரு.” குரலைத் தாழ்த்தினார். “உள்ள போனா ரெண்டு கேள்வி கேப்பாங்க சார், இது யாருன்னு கேப்பாங்க, எம் பொண்ணுன்னு சொல்லிடுவேன், அப்ப ஏன் தங்கச்சின்னு சொன்னீங்கன்னு கேப்பாங்களே, அதுக்கு நான் என்ன சொல்றதுன்னாரு.”

காட்டுக்குள் எங்கோ மயில் அகவியது. சித்தேரி மலையின்மேல் ஒரு துண்டு மேகம் நகராமல் நின்றது.

“அப்ப அந்த ஒகேனக்கல்?” என்றாள்.

“அதா?” முதல் முறையாக அவர் சிரித்தார். “மத்தியானமே வூட்டுக்குப் போனா எம் பொண்ணு சந்தேகப்படும்னு சொல்லுவாரு. ஆபீசுன்னா சாயங்காலம் ஆவணுமில்ல? அதுக்குப் பஸ் ஏறிப் போயிட்டு வருவாரு. ஜெராக்ஸ் கடைக்காரிங்க சார், பஸ் டிக்கெட்டைக்கூடப் படிச்சிடும்பாரு.”

டீ ஆடை கட்டிவிட்டிருந்தது. அவர் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு போனார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி, தான் படித்ததற்கு வருத்தப்படுவதாகச் சொன்னார். நான்தானே படிக்கச் சொன்னேன் என்றாள் அவள். அது நிஜம்தான் என்பதுபோல் தலையாட்டிவிட்டுப் போனார்.

*

அப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் பெஞ்சின்மேல் உட்கார்த்தினார்கள். சுற்றிலும் நாலு பெண்கள் சேலைகளைப் பிடித்து மறைத்துக்கொண்டார்கள். ரஞ்சித் பின்னாலிருந்து அப்பாவின் தலையை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டான். எண்ணெய் ஒரு கிண்ணத்திலும், தலைக்குத் தேய்க்க அரைத்துக் கரைத்த அரப்புத் தழை ஒரு கிண்ணத்திலும் இருந்தன. குளிப்பாட்டுவதற்கு முன்னால் முறைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து இறந்தவர் தலையில் எண்ணெயும் அரப்பும் வைக்க வேண்டும். யார் எப்போது வர வேண்டும் என்று கூப்பிடுகிற வேலை மாதுவுக்கு. இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவுக்கும் அவர்தான். முறை பிசகினால் மனுஷன் பொறுக்க மாட்டார்.

“பெத்த மக்க வாங்க.”

ரஞ்சித் நின்ற இடத்திலிருந்தே ஒரு கையால் வைத்தான். சாலம்மாள் வந்தாள். எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்தாள். அரப்பை வைத்தாள். நேற்று முன்தினம்தான் அப்பா முடி வெட்டியிருந்தார். கழுத்தோரம் பட்டாளத்துக் கணக்கில் ஒட்ட வழித்திருந்தது. தள்ளி வந்து நின்றாள்.

“மருமவ வாங்க.” சுசித்ரா வந்தாள். “பேரப் புள்ளைங்க.” வந்தார்கள். “மச்சினங்க, மாமன் வகை.” மாரண்டஹள்ளிக்காரர்கள் வரிசையாக வந்தார்கள்.

“கூடப் பொறந்தவங்க.”

யாரும் வரவில்லை. மாதப்பன் ஒற்றைப் பிள்ளை. அது மாதுவுக்கும் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. கூப்பிட வேண்டியதைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

“அண்ணந்தம்பி அக்கா தங்கச்சி யாராச்சும் இருந்தா வாங்க” என்றார் மறுபடியும். காத்திருக்காமல் தண்ணீர்க் குடத்துப் பக்கம் திரும்பினார்.

சாலம்மாள் சேலை மறைப்புக்குள் மறுபடியும் நுழைந்தாள்.

மாது நிமிர்ந்து பார்த்தார். “நீ வெச்சிட்டியேம்மா.”

“அது பொண்ணு வெச்சது” என்றாள். “இது தங்கச்சி. சுபேதார் படிச்சாருல்ல, எல்லாருந்தான் கேட்டீங்க.”

அவள் வழக்கமாகக் கடையில் பேசுகிற குரல்தான். கிண்டலா நிஜமா என்று பிரிக்க முடியாத குரல். ஒரே ஆள் இரண்டு முறை வைத்து மாது பார்த்ததில்லை. சேலையைப் பிடித்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தள்ளி, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த அம்மா, விடிந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள், கையைத் தரையில் ஊன்றி நிமிர்ந்தாள்.

“வழி உடுங்க” என்றாள். “எங்க நாத்தனார் வருது.”

மாது ஒதுங்கினார். ரஞ்சித் குனிந்து எண்ணெய்க் கிண்ணத்தை ஒரு கையால் எடுத்து அக்காவிடம் நீட்டினான். அவன் கண்ணைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். கிண்ணத்தோடு சேர்த்து அவன் விரலையும் ஒரு நிமிஷம் பிடித்துவிட்டு விட்டாள்.

மூன்று விரலால் எண்ணெயைத் தொட்டு உச்சியில் வைத்தாள். அது முன்பு வைத்ததோடு சேர்ந்து வழிந்து காதுக்குப் பின்னால் இறங்கியது. சட்டென்று முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அரப்பை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல் குனிந்து, செகந்திராபாத் ரயிலில் சொல்லக் கற்றுக்கொடுத்த வார்த்தையை அவர் காதருகில் ஒரு முறை சொன்னாள். ரஞ்சித்துக்கு மட்டும் கேட்டிருக்கும்.

அவனுக்குக் கை மரத்துப் போயிருக்க வேண்டும். பிடியை மாற்றினான். அந்த அசைவில் அப்பாவின் முகம் மெல்லச் சாய்ந்து, அவள் பக்கம் திரும்பி நின்றது.

சாலம்மாள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

யாரும் இல்லை. பிடித்திருந்த சேலைதான் காற்றில் ஒரு முறை உப்பி அடங்கியது.